குளத்தைப் படம் எடுக்க ஒரு வருடம் வேண்டும்

கட்டடக் கலைப் பத்திரிகைகளில் வரும் நீரூற்றுப் படங்களை எப்போதாவது உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? பெரும்பாலும் ஆட்களே இருக்க மாட்டார்கள். அதிகாலை வெளிச்சம், துடைத்து வைத்த கிரானைட், சிற்றலைகூட இல்லாத தண்ணீர். நம் ஊர் நாளிதழ்களில் நேரெதிர். பூங்காத் திறப்பு விழாப் படத்தில் ஆட்கள் மட்டும்தான் இருப்பார்கள். அமைச்சர், மேயர், கவுன்சிலர், பொன்னாடை. அவர்களுக்குப் பின்னால் எங்கோ நாலைந்து தாரை எழும்பிக்கொண்டிருக்கும். இந்த இரண்டு வகைப் படத்திலும் தெரியாத சங்கதிகள் உண்டு. அந்தத் தண்ணீரோடு ஜனங்கள் என்ன செய்கிறார்கள்? அது எங்கிருந்து வருகிறது? மோட்டாரை நிறுத்தினால் என்ன ஆகும்?

அதெல்லாம் தெரிய வேண்டுமென்றால் படம் ஓட வேண்டும், சத்தமும் கேட்க வேண்டும். கொஞ்ச நாளாக நகரத்துத் தண்ணீரைப் பற்றிய குறும்படங்களாகத் தேடித் தேடிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆறும் கடலும் என் கணக்கில் இல்லை. யாரோ ஒருவர் யோசித்து, வரைந்து, கல்லோ கான்கிரீட்டோ வைத்துக் கட்டிய தண்ணீர்தான் கணக்கு. வாய்க்கால், நீரூற்று, செயற்கை அருவி, தெப்பக்குளம், இப்படி. பார்த்ததில் மனதில் நின்றவற்றைச் சொல்கிறேன். கடைசியில் உங்களுக்கு ஒரு வேலையும் வைத்திருக்கிறேன்.

முதலில் இருப்பதிலேயே பழையது. நெதர்லாந்துக்காரர் யோரிஸ் ஐவன்ஸ், மன்னுஸ் ஃபிராங்கனோடு சேர்ந்து 1929ல் எடுத்த 'ரேகன்'. சுமார் 12 நிமிடம். ஆம்ஸ்டர்டாமில் ஒரு மழை வந்து, பெய்து, ஓய்கிறது, அவ்வளவுதான். காற்று கிளம்புகிறது, வாய்க்காலில் முதல் துளிகள் வட்டம் போடுகின்றன, குடைகள் விரிகின்றன, டிராம் ஜன்னலில் நீர் வழிகிறது. ஒரே மழை என்றுதான் நினைப்போம். பல மாதங்களில் பெய்த பல மழைகளை வெட்டி ஒட்டிய படம் அது. ஊமைப் படம். பின்னால் 1941ல் ஹான்ஸ் ஐஸ்லர் இதற்கென்றே ஓர் இசைக்கோவை எழுதினார். நான் சத்தமில்லாமலே பார்த்தேன், ஒன்றும் குறையவில்லை. 17ஆம் நூற்றாண்டிலேயே திட்டம் போட்டு வாய்க்கால் வளையம் வெட்டிய ஊர் அது. பெய்கிற மழையை எங்கே கொண்டுபோய் விடுவது என்று முன்னோர்கள் முடிவு செய்துவிட்டுப் போயிருக்கிறார்கள். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் வேளச்சேரியிலோ முடிச்சூரிலோ இருந்தவர்கள் இந்தப் படத்தைக் கொஞ்சம் வயிற்றெரிச்சலோடுதான் பார்க்க முடியும்.

அடுத்தது கென்னத் ஆங்கர் என்ற அமெரிக்கர் 1953ல் எடுத்த 'ஓ தார்த்திஃபீஸ்'. 13 நிமிடம். ரோமுக்குப் பக்கத்தில் திவோலியில் வில்லா தெஸ்தே என்று ஒரு தோட்டம் இருக்கிறது. கார்டினல் இப்போலித்தோ தெஸ்தே 1550ல் அந்த ஊருக்கு ஆளுநராக வந்தபின், பிர்ரோ லிகோரியோவை வைத்து உருவாக்கியது. மலைச்சரிவு முழுக்க நூற்றுக்கணக்கான தாரைகள். அந்தக் காலத்தில் ஏது மோட்டார்? அனியேனே ஆற்றிலிருந்து ஊருக்கு அடியில் சுரங்கம் வெட்டித் தண்ணீரை மேலே கொண்டுவந்து, சரிவில் விட்டார்கள். பள்ளத்தை நோக்கிப் பாயும் வேகத்திலேயே அத்தனை தாரைகளும் எழும்புகின்றன. இன்றைக்கும் அப்படித்தான்.

ஆங்கர் அந்தத் தோட்டத்தைப் பகலில் எடுத்து, நீல நிறத்தில் அச்சிட்டு, நிலா வெளிச்சமாக்கிவிட்டார். பழங்கால உடுப்பில் ஒரு பெண் படிகளில் இறங்கி ஓடுகிறாள். பின்னணியில் விவால்டியின் 'குளிர்காலம்'. இதில் ஒரு தந்திரம் இருக்கிறது. அந்த வேடத்துக்கு உயரம் மிகக் குறைந்த ஒரு நடிகையைப் பிடித்தார். அவர் பக்கத்தில் நின்றால் படிகளும் கல்முகங்களும் தாரைகளும் இரண்டு மடங்காகத் தெரிகின்றன. தோட்டம் போட்டவரும் இதே வேலையைத்தான் செய்திருந்தார். வருகிறவர்கள் வாயைப் பிளக்க வேண்டும், கார்டினலின் செல்வாக்கு தெரிய வேண்டும், தண்ணீர் அதற்குத்தான். தோட்டத்தின் நோக்கத்தை கேமரா அப்படியே பிடித்துக்கொண்டது. முடிவில் அந்தப் பெண் தாரையோடு தாரையாகக் கரைந்துவிடுகிறாள். அழகான படம், சந்தேகமே இல்லை. ஆனால் அந்தத் தண்ணீரில் யாரும் கை நனைப்பதில்லை. பார்க்கத்தான் தண்ணீர்.

இங்கேதான் வில்லியம் எச். வைட் வருகிறார். என்னைக் கேட்டால் இந்த வரிசையில் அவர்தான் பெரிய ஆள், இத்தனைக்கும் சினிமாக்காரரே இல்லை. ஃபார்ச்சூன் பத்திரிகையில் ஆசிரியராக இருந்தவர். 1956ல் 'தி ஆர்கனைசேஷன் மேன்' எழுதிப் பெயர் வாங்கியவர். நியூயார்க் நகரம் 1961ல் ஒரு விதி கொண்டுவந்தது. கட்டடத்துக்கு முன்னால் பொதுமக்களுக்குத் திறந்தவெளி விட்டால், மேலே கூடுதலாகக் கட்டிக்கொள்ளலாம். நம் ஊரில் எஃப்.எஸ்.ஐ. என்கிறோமே, அதில் சலுகை. பில்டர்கள் இடம் விட்டார்கள், சரி. ஆனால் பல இடங்களில் ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. சில இடங்களில் மட்டும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார இடம் கிடைக்காது. என்ன காரணம்?

வைட் கேள்வித்தாள் எதுவும் கொடுக்கவில்லை. மாணவர்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு, சுற்றியிருந்த கட்டடங்களின் உச்சியில் கேமராவை நிறுத்தி, சில நொடிக்கு ஒரு ஃபிரேம் என்று நாள் முழுக்க ஓடவிட்டார். கீழே நடந்தும் எடுத்தார். அதெல்லாம் சேர்ந்து 1980ல் 'தி சோஷியல் லைஃப் ஆஃப் ஸ்மால் அர்பன் ஸ்பேசஸ்' என்று புத்தகமாகவும் படமாகவும் வந்தது. படம் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். குறும்படம் என்று சொல்லக் கொஞ்சம் நீளம்தான், ஆனால் உள்ளே இருப்பதெல்லாம் குட்டிக் குட்டிப் படங்கள். பின்னணிக் குரல் வைட்டுடையதே. பக்கத்து வீட்டுப் பெரியவர் திண்ணையில் உட்கார்ந்து தெருவில் போகிறவர்களைப் பற்றி நமக்கு மட்டும் கேட்கிற மாதிரி கமென்ட் அடிப்பாரே, அந்தத் தொனி. ஒருவர் நாற்காலியில் உட்காரும் முன் அதை ஓரிரண்டு அங்குலம் நகர்த்துகிறார். வெயிலுக்காகவும் இல்லை, நிழலுக்காகவும் இல்லை. நகர்த்த முடிகிறது, அதனால் நகர்த்துகிறார். இதைச் சிரித்துக்கொண்டே காட்டிவிட்டு, நகர்த்தக்கூடிய நாற்காலி போடுங்கள் என்று கட்டடக்காரர்களுக்குச் சொல்லிவிடுகிறார்.

அந்தப் படத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் பேலி பார்க். மேன்ஹாட்டனில் 53ஆம் தெருவில் ஸ்டார்க் கிளப் என்று பிரபலமான இரவு விடுதி இருந்த மனை. சி.பி.எஸ். ஒளிபரப்பு நிறுவனத்தின் வில்லியம் பேலி தன் அப்பாவின் நினைவாக அதைப் பூங்காவாக்கினார். ராபர்ட் ஜயான் வடிவமைக்க, 1967 மே மாதம் திறந்தார்கள். மொத்த இடமே 4,200 சதுர அடி. சென்னைக் கணக்கில் இரண்டு கிரவுண்டுகூட இல்லை. மூன்று பக்கம் கட்டடச் சுவர். பக்கச் சுவர்களில் கொடி, நடுவில் மரங்கள், எடை குறைந்த கம்பி நாற்காலிகள். கோடிச் சுவர் முழுக்க 20 அடி உயர அருவி. நிமிடத்துக்கு 1,800 காலன் தண்ணீர், அதாவது சுமார் 6,800 லிட்டர், திரும்பத் திரும்பச் சுற்றுகிறது. இரண்டு நிமிடம் போனால் ஒரு 12,000 லிட்டர் லாரி காலி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அருவிக்குப் பக்கத்தில் வைட் சத்தத்தை அளந்து பார்த்தார். சுமார் 75 டெசிபல். வெளியே தெருவில் இருந்ததைவிட அதிகம்! அந்தச் சத்தத்தைப் பதிவு செய்து, என்ன என்று சொல்லாமல் போட்டுக் காட்டினால் கேட்கிறவர்கள் முகம் சுளித்தார்களாம். ரயிலா, லாரியா என்றார்களாம். அதே ஆட்கள் அருவி முன்னால் உட்கார்ந்தால் அமைதியான இடம் என்பார்கள். சீராக விழும் தண்ணீரின் ஓசை, திடீர் திடீரென வரும் ஹாரனையும் பிரேக்கையும் விழுங்கிவிடுகிறது. பக்கத்து மேசைப் பேச்சும் நம் காதில் விழாது, நம் பேச்சும் அங்கே போகாது. இவ்வளவு சின்ன மனையில் அத்தனை பேர் அடுத்தடுத்து உட்கார்ந்தும் தனியாக இருக்க முடிவது அதனால்தான். வரைபடத்தில் இது எங்கே தெரியும்? புகைப்படத்தில்தான் எங்கே தெரியும்? நகரத்துத் தண்ணீரைப் படம் எடுக்கிறவர்கள் ஒரிஜினல் சத்தத்தைத் தூக்கிவிட்டுப் பியானோவோ புல்லாங்குழலோ போடும்போது எனக்கு எரிச்சல் வருவதற்குக் காரணமும் இதுதான். வடிவமைப்பில் பாதியை அழித்துவிடுகிறார்கள்.

வைட் விடாப்பிடியாகச் சண்டை போட்ட இன்னொரு விஷயம், தொடுவது. ஜனங்கள் கண் முன்னால் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, தொடாதே என்று பலகை மாட்டுவதும் காவலாளி நிறுத்துவதும் என்ன நியாயம் என்று கேட்கிறார். ஷூவைக் கழற்றிக் காலை நனைக்கிறவர்களையும், விரலால் சும்மா அளைகிறவர்களையும் அவர் கேமரா சலிக்காமல் பின்தொடர்கிறது. இந்தப் படத்தைப் பார்த்தபின் எந்த ஊர் நீரூற்றைக் கண்டாலும் என் கண் முதலில் கீழேதான் போகிறது. கால்கள் எங்கே இருக்கின்றன, தண்ணீருக்கு உள்ளேயா வெளியேயா?

உள்ளேதான் இருக்க வேண்டும் என்று கட்டப்பட்ட ஒன்று அமெரிக்காவின் மேற்குக் கரையில், போர்ட்லேண்டில் இருக்கிறது. லாரன்ஸ் ஹால்ப்ரின் அலுவலகம் அந்த ஊரில் தொடராகச் சில நீர்ச் சதுக்கங்கள் கட்டியது. 1966ல் லவ்ஜாய், 1970ல் ஃபோர்கோர்ட். பின்னால் அதற்குக் கெல்லர் நீரூற்று என்று பெயர் மாறியது. அதை வடிவமைத்தவர் அந்த அலுவலகத்தில் இருந்த ஏஞ்சலா தனாஜியேவா. பல்கேரியாவில் பிறந்தவர். இந்தத் துறைக்கு வரும் முன் அங்கே சினிமாவுக்கு செட் போட்டவர்! இது தெரிந்தபின் அந்த நீரூற்றைப் பார்த்தால் எல்லாம் புரிகிறது. மேலே மரங்களுக்கு நடுவே மெல்லிய ஓடைகளாகத் தொடங்குகிறது. நடந்து வருகிறவர்கள் முழுதாகப் பார்க்க முடியாது, சத்தம்தான் முதலில் வரும். ஓடைகள் சேர்ந்து அகலமாகி, திடீரென்று செங்குத்தான கான்கிரீட் பாறைகளிலிருந்து நிமிடத்துக்கு 13,000 காலன் கீழே கொட்டுகிறது. நம் லாரிக் கணக்கில் நிமிடத்துக்கு நாலு. கீழே தண்ணீர்மேல் மிதப்பதுபோல் சதுரமான மேடைகள். எதிரே ரோட்டுக்கு அந்தப் பக்கம் நாடக அரங்கம். அரங்கத்துக்கு எதிரே இன்னொரு அரங்கம் போட்டிருக்கிறார் அந்த அம்மா, நடிகர்கள் ஊர்ஜனங்கள்.

1970 ஜூனில் திறந்த அன்றே இளைஞர்கள் தண்ணீருக்குள் இறங்கிவிட்டார்கள். ஹால்ப்ரினின் மனைவி அன்னா ஹால்ப்ரின் நடனக் கலைஞர் என்பதும் சும்மா இல்லை. மனிதர்கள் ஓர் இடத்தில் எப்படி நகர்வார்கள் என்பதைக் குறித்து வைக்க ஹால்ப்ரின் தனியாக ஒரு குறியீட்டு முறையே உண்டாக்கி, அதற்கு மோட்டேஷன் என்று பெயர் வைத்திருந்தார். பார்க்கப்போனால் அதுவும் சினிமாவுக்கு ஷாட் பிரிக்கிற வேலைதான். இவர்கள் தண்ணீரைக் காட்சிப்பொருளாக நினைக்கவில்லை, நேரத்தோடு நடக்கிற ஒன்றாக நினைத்தார்கள். அதனால்தான் இந்த இடங்களை எந்தக் கத்துக்குட்டி எடுத்தாலும் படம் நன்றாக வந்துவிடுகிறது. யூடியூபில் தேடிப் பாருங்கள், யாரோ ஒரு அப்பா தன் பிள்ளை ஆடுவதைக் கை நடுக்கத்தோடு எடுத்திருப்பார், அதுவே போதுமானதாக இருக்கும்.

சிகாகோவின் கிரவுன் நீரூற்று (2004) பற்றி ஒரு வார்த்தை. ஸ்பானிய சிற்பி ஹவுமே பிளென்சா 50 அடி உயரத்தில் இரண்டு கண்ணாடிக் கட்டிக் கோபுரங்களை எதிரெதிரே நிறுத்தினார். உள்ளே எல்.இ.டி. திரை. சிகாகோவாசிகள் சுமார் 1,000 பேரின் முகங்களைப் படம் எடுத்து, மாற்றி மாற்றி ஓடவிடுகிறார்கள். முகம் மெதுவாகக் கண் சிமிட்டும், பிறகு உதடு குவிக்கும், அந்த வாயிலிருந்து நிஜத் தண்ணீர் பீய்ச்சும். நடுவில் செருப்பு மூழ்காத அளவுக்குத் தண்ணீர். குழந்தைகள் வாய் எப்போது குவியும் என்று காத்திருந்து கீழே போய் நிற்கிறார்கள். பழைய ஐரோப்பியக் கட்டடங்களில் கூரைத் தண்ணீர் கொட்டும் கல்முகங்கள்தான் இதற்குத் தூண்டுதல் என்பார்கள். நமக்குக் கருவறைச் சுவரில் அபிஷேகத் தண்ணீர் விழும் கோமுகி ஞாபகம் வரும். இங்கே படம் தண்ணீரைக் காட்டவில்லை, படத்துக்குள்ளிருந்தே தண்ணீர் வருகிறது. வேடிக்கையான யோசனை, வேலையும் செய்கிறது.

சரி, நம் ஊருக்கு வருவோம்.

மயிலாப்பூர் கபாலீஸ்வரர் கோயில் குளத்தை போனில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். சாயங்கால நேரம், கம்பி வேலிக்கு இடையில் லென்ஸை நுழைத்து, கீழ்ப்படி தெரிகிற மாதிரி. பொரி தூவினால் மீன்கள் மொய்த்துக்கொண்டு வாயைத் திறக்கும், ஃபிரேமில் நன்றாகவே இருக்கும். ஆனால் சத்தத்தைக் கேட்டால் ஆர்.கே. மட் ரோட்டில் போகிற பஸ்ஸின் ஹாரன்தான் முழுக்க. குளத்துக்குச் சத்தம் கிடையாது. பேலி பார்க் அருவியைப் போலத் தெருவை விழுங்குகிற தண்ணீர் இல்லை இது. கட்டியவர்கள் நோக்கமும் அது இல்லை. அரை மணி நேரம் எடுத்தாலும் திரையில் ஒன்றுமே நடக்காது. டைம்லாப்ஸில் வேகப்படுத்தினாலும் மேகம் ஓடும், குளம் அப்படியே இருக்கும்.

அப்புறம்தான் படிகளைக் கவனித்தேன். தண்ணீரை ஒட்டிய படியில் பச்சைப் பாசி. அதற்கு மேல் படியில் பாசி காய்ந்து சாம்பல் நிறத்தில் ஒரு கோடு. அதற்கும் மேலே வெறும் கல். நடக்கிற விஷயம் அங்கேதான் நடக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் படியேறுகிறது, சித்திரை, வைகாசியில் படியிறங்குகிறது. படிகள் குளிக்க மட்டும் கட்டியவை அல்ல, அளவுகோலும் அதுவே. வைட்டின் நீரூற்றுக்கு ஒரு நாள் போதும். நம் குளத்தைப் படம் எடுக்க ஒரு வருடம் வேண்டும்.

இதைவிடப் பெரிய உதாரணம் மதுரை வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம். திருமலை நாயக்கர் 1645ல் வெட்டியது. நடுவில் மைய மண்டபம், நாலு பக்கமும் கல்படி. வைகையிலிருந்து கால் வழியாகத் தண்ணீர் வந்து நிறையும்படி ஏற்பாடு. தைப்பூசத்தன்று மீனாட்சியும் சுந்தரேஸ்வரரும் தெப்பத்தில் குளத்தைச் சுற்றி வருவார்கள். ஆற்றில் தண்ணீர் இல்லாமல், கால்வாயும் தூர்ந்து, குளம் வறண்டு கிடந்த வருடங்களில் பையன்கள் உள்ளே கிரிக்கெட் ஆடினார்கள். திருவிழா நிலைத்தெப்பமாக நடந்தது, அதாவது தெப்பம் நகராமல் நிற்கும். பனையூர்க் கால்வாயைச் சரி செய்து தண்ணீர் விட்டபின் மறுபடியும் தெப்பம் மிதந்தது. இத்தனையும் நடந்திருக்கிறது. யூடியூபில் இருக்கிற வீடியோக்களில் பாதி, திருவிழா இரவில் விளக்கு அலங்காரம். மீதி, டிரோன். மேலே பறந்தால் குளம் ஒரு பச்சைச் சதுரமாகிவிடுகிறது. படி தெரியாது, மதகு தெரியாது, தண்ணீர் வந்த வழி தெரியாது. பழைய பத்திரிகைக்கார வழக்கத்தில் சொன்னால், செய்தி முழுக்க வரத்துக்காலில் இருக்கிறது, கேமரா கோபுரத்தைச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

ஸ்லோ மோஷனும் அப்படித்தான். ஸ்லோ மோஷனில் எந்தத் தண்ணீரும் அழகாகிவிடும், உடைந்த மெட்ரோ வாட்டர் குழாய் உள்பட. அழகானதும் நாம் கேள்வி கேட்பதை நிறுத்திவிடுகிறோம். சத்தமும் போய்விடுகிறது. கூடியமட்டும் தவிர்த்துவிடுங்கள். ராத்திரியில் விளக்குப் போட்ட நீரூற்றை எடுக்கும்போது படத்தில் பட்டை பட்டையாக ஓடினால், போனில் புரோ மோட் போய் ஷட்டரை 1/50 என்று வையுங்கள். நம் கரன்ட் 50 ஹெர்ட்ஸ், பெரும்பாலும் சரியாகிவிடும். டெக்னிக்கலாக எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

வேலை வைத்திருக்கிறேன் என்றேனே, அது இதுதான். உங்கள் ஊரில் ஒரு தெப்பக்குளமோ கோயில் குளமோ இருக்கும். அதில் ஒரு படியைத் தேர்ந்தெடுங்கள். மாதம் ஒருமுறை அதே இடத்தில், அதே உயரத்தில் போனை வைத்து 20 நொடி எடுங்கள். 10 நொடி படி, 10 நொடி தண்ணீர் உள்ளே வரும் வாய். அது எங்கே இருக்கிறதென்று தெரியாவிட்டால் குளத்தங்கரையில் பூ கட்டுகிறவர்களையோ கோயில் குருக்களையோ கேளுங்கள், சொல்லுவார்கள். அந்த வாயில் குப்பை அடைத்திருந்தால் அதையும் எடுங்கள். 12 மாதத்தை ஒட்டினால் 4 நிமிடப் படம் வந்துவிடும். ஆடியில் ஆரம்பித்தால் அடுத்த ஆனியில் முடியும், நடுவே வடகிழக்குப் பருவமழை முழுசாக விழும். தயவுசெய்து இசை மட்டும் சேர்க்காதீர்கள்.